துப்பாக்கியும் தூக்குக்கயிறும்

கிள்ளான் நகரின் பழைய வட்டாரத்தில், ஆற்றங்கரைக்கு அணித்தே, கெடோங் ராஜா அப்துல்லா என்று வழங்கும் ஒரு பழைய மாளிகை இருக்கிறது. கிள்ளான் பகுதியின் அதிபதியாக இருந்த ராஜா அப்துல்லா 1857-ஆம் வருஷத்தில் கட்டுவித்த அம்மாளிகையில் அவர் குடியிருந்ததோடு, அம்பாங் சுரங்கங்களிலிருந்து படகேறி வந்த ஈயத்தையும், சுரங்கத்துக்குப் போகவேண்டிய அரிசியையும், இவ்விரண்டையும் காப்பதற்கு வேண்டிய துப்பாக்கிகளையும் அங்கேயே பூட்டி வைத்திருந்தார். ஆங்கிலேயர் வந்தபின் அதே கட்டடம் போலீஸ் நிலையமாயிற்று. பிற்காலத்தில் ஈயக் காட்சிசாலையும் ஆயிற்று. ஆயுதம் எவனிடம் உண்டோ அவனே அதிகாரி என்றிருந்த ஒரு காலமும், அதிகாரி எவனோ அவனிடம் மட்டுமே ஆயுதம் இருக்கலாம் என்று விதித்த மற்றொரு காலமும், ஒரு சுவரைக்கூட இடிக்காமல் ஒரே கூரையின்கீழ் கைமாறிக்கொண்டன.

இதை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதித் தானியங்கி ரைபிள்களைப் பிரஜைகள் வைத்திருக்கலாகாது என்று தடுத்துவிட்டால், குற்றவாளிகளின் கைக்கு அவை போய்ச் சேருவது குறையுமா என்ற வாதம் அமெரிக்காவில் ஓயாமல் நடந்துவருகிறது. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு குண்டு பாயும். ஆனால் அடுத்த குண்டை அறைக்குள் ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்ளும். இழுக்க இழுக்கச் சுடலாம். இதுவே அந்த ரைபிளின் இயல்பு. சட்டத்துக்கு அடங்குகிறவன்தான் தடைக்கும் அடங்குவான், கொள்ளைக்காரன் கள்ளச் சந்தையில் வாங்கிக்கொள்வான், ஆகவே தடையினால் பயனில்லை என்பது ஒரு கட்சி. கள்ளச் சந்தைக்கு வரும் சரக்கும் நல்ல சந்தையில் பிறந்ததுதான், ஊற்றை அடைத்தால் வாய்க்கால் வற்றும் என்பது எதிர்க்கட்சி. இருதரப்பாரும் பேசுவதைக் கேட்டால், இவ்விஷயம் இன்னும் பரீட்சிக்கப்படாத ஒரு சித்தாந்தம் போலத் தோன்றும். ஆனால் மலேசியாவிலோ, அதிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ, அந்தப் பரீட்சை மூன்று தலைமுறையாக நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதன் ஆரம்ப கட்டத்தில் பலியானவர்களுள் தமிழரும் உண்டு.

துப்பாக்கி இப்பள்ளத்தாக்குக்குள் நுழைந்த வழி ஆற்று வழிதான். 1867-இல் ராஜா மஹ்டி என்பவர் ராஜா அப்துல்லாவின் மீது படையெடுத்துக் கிள்ளானைக் கைப்பற்றியதிலிருந்து ஏழாண்டு காலம் சிலாங்கூர் முழுவதும் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. ஆற்றின் முகத்துவாரம் எவர் கையில் இருந்ததோ அவரே, கடலுக்குப் போகும் ஈயத்தின்மேல் வரி வாங்குபவராகவும், கடலிலிருந்து வரும் ஆயுதத்துக்கு உரிமையாளராகவும் இருந்தார். சுல்தான் அப்துல் சமாதின் மருமகனான கெடா இளவரசர் தெங்கு கூடின் சிங்கப்பூரில் சிப்பாய்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வந்தார். அவர்களுக்குத் தலைமை தாங்கிய வான் ஹாகன், கவலியேரி என்ற ஐரோப்பியர் இருவர் 1872-இல் கோலாலம்பூரிலிருந்து பின்வாங்குகையில் எதிரிகளிடம் அகப்பட்டு உயிரிழந்தனர். யாப் ஆ லோய் கட்டி எழுப்பிய கோலாலம்பூர் சாம்பலாயிற்று. அன்று இப்பள்ளத்தாக்கில் அனுமதிச்சீட்டு என்ற பேச்சே கிடையாது; பணமுள்ளவன் வாங்கினான், வாங்கியவன் சுட்டான். ஆயுதம் எல்லோரிடமும் இருந்தால் எல்லோரும் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடப்பார்கள் என்று இன்று சிலர் உபதேசிப்பதுண்டு. அவர்கள் அந்த ஏழாண்டுக் கதையை ஒருமுறை வாசித்துவிட்டு வருவது நலம்.

1874-க்குப் பின் ரெசிடெண்டு ஆட்சி வந்தது. வடஇந்தியாவிலிருந்து சீக்கியர்களைத் தருவித்துத் துப்பாக்கி கொடுத்த வெள்ளைக்காரர், தென்னிந்தியாவிலிருந்து தருவித்த தமிழர்களுக்குக் கோடரியும் மண்வெட்டியும், பின்னர் ரப்பர் தோட்டங்கள் பெருகியபோது பால்வெட்டும் கத்தியும் கொடுத்தார்கள். போர்க்குலம் என்றும் கூலிக்குலம் என்றும் மனிதரைத் தரம்பிரித்த அந்தச் சாஸ்திரம் அவர்களே எழுதிக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுகளில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழருக்குப் பேனாவும் பேரேடும் கிடைத்தன. ஆக, தமிழனுக்கும் துப்பாக்கிக்கும் இந்நாட்டில் வெகுகாலம் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் ஏற்பட்டதெல்லாம் அதன் குழல்முனையில் நின்ற சம்பந்தந்தான்.

1941-ஆம் வருஷத்துக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் அதைக் கண்கூடாகக் கண்டார்கள். நாட்கூலியை 50 காசிலிருந்து 60 காசாக உயர்த்தவேண்டும், துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்று கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கேட்டார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த ஆர். எச். நாதனை அரசாங்கம் மே மாதத்தில் கைதுசெய்ததும் வேலைநிறுத்தம் மாவட்டம் முழுவதும் பரவியது, சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று, பட்டாளம் வந்தது, சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதன் நாடுகடத்தப்பட்டார். கூடியிருந்தவர்களின் கையில் கம்பும் கல்லும்தான் இருந்தன. அந்நாளில் கிள்ளானில் துப்பாக்கி வைத்திருந்தவர் யாரென்று கணக்கெடுத்தால், சர்க்காரும் பங்களாத் துரைமாரும் அன்றி வேறெவரும் அனேகமாக அகப்படமாட்டார்.

அந்த ஒழுங்கை ஒரே வருஷத்தில் தலைகீழாகக் கவிழ்த்தது யுத்தம். தோற்றோடிய பிரிட்டிஷ் சேனை போட்டுவிட்டுப் போன ஆயுதங்கள் காட்டுக்குள் சென்றன. பிற்பாடு 136-ஆம் படை என்ற பிரிட்டிஷ் இரகசியப் பிரிவு, ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ஆகாய விமானத்திலிருந்து பாரசூட் மூலம் ஆயுதம் இறக்கியது. தமிழ் இளைஞரோ நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கையில் முதன்முதலாக ரைபிளைப் பிடித்தார்கள். யுத்தம் முடிந்தது. 1945 டிசம்பரில், அந்தக் கெரில்லாக்களின் அமைப்பான ‘மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை’யைக் கலைத்தபோது, ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுச் செல்லும் ஒவ்வொரு வீரருக்கும் 350 வெள்ளி கொடுப்பதென்று ஏற்பாடு. 1941-இல் தோட்டத்துத் தமிழன் வாங்கிய 50 காசுக் கூலியில் கணக்கிட்டால் அது 700 நாள் சம்பளம். யுத்தத்துக்குப் பின் விலைவாசி ஏறிவிட்டதைக் கழித்துப் பார்த்தாலும் அற்பத் தொகையன்று. ஆஸ்திரேலியா 1996-இல் பணம் கொடுத்துத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியதைப் புதுமை என்று புகழ்கிறவர்கள், அதற்கு ஐம்பது வருஷம் முன்பே மலாயாவில் அது நடந்ததை அறியமாட்டார்கள்.

பலன் என்ன? பிரிட்டிஷார் கொடுத்திருந்த ஆயுதங்கள் 4,765. திரும்பி வந்தவை 5,497. கொடுத்ததைவிட அதிகமாக வந்துவிட்டதென்று கணக்கர் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் ஜப்பானியரிடமிருந்தும், அதற்கு முன் தோற்ற சேனையிடமிருந்தும் கெரில்லாக்கள் சேர்த்துவைத்தவை எத்தனை என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை. நல்லவற்றில் ஒரு பகுதியை எண்ணெய் தடவிக் காட்டில் புதைத்துவிட்டு, மீதியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மொத்தம் எவ்வளவு என்று தெரியாதபோது, திரும்பி வந்தது எவ்வளவு என்ற புள்ளிவிவரத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. இன்று தடைச்சட்டம் பேசும் எந்த நாடும் முதலில் மோதிக்கொள்ளும் பாறை இதுவே.

1948 ஜூன் 16-ஆம் தேதி பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுடப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதையொட்டிப் பிறந்த விதிகளுள் ஒன்று, அனுமதியின்றித் துப்பாக்கி தரித்திருப்பவனுக்கு மரணதண்டனை என்பது. சுட்டானா, சுட நினைத்தானா, எவரையாவது மிரட்டினானா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. தரித்திருந்தது ருசுவானால் போதும், வேறு தண்டனை கொடுக்க நீதிபதிக்கே அதிகாரமில்லை. உலகத்தின் எந்த மூலையிலும் துப்பாக்கித் தடை இதைவிடக் கடுமையாக இருந்திருக்க முடியாது.

எஸ். ஏ. கணபதி இந்த விதியின்கீழ் அகப்பட்டார். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறு வயதில் மலாயாவுக்கு வந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்து, அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர் அவர். லட்சக்கணக்கான தொழிலாளரை அங்கத்தினராகக் கொண்ட அந்தச் சம்மேளனத்தின் பதிவை 1948-இல் சர்க்கார் ரத்துசெய்தது. 1949 மார்ச் 1-ஆம் தேதி, கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தில் அவர் பிடிபட்டபோது, அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தனவென்று வழக்குத் தொடரப்பட்டது. துப்பாக்கி கிடைத்தது, அதைப் போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. புது டில்லி அரசாங்கம் கருணை கோரியது. லண்டனில் ஹை கமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் முயன்று பார்த்தார். மே 4-ஆம் தேதி, பிடிபட்ட நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டே மாதத்தில், புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் சம்மேளனத்தின் மற்றொரு தலைவரான வீரசேனன் நெகிரி செம்பிலானில் படையினரின் குண்டுக்கு இரையாகியிருந்தார்.

கணபதியின் அரசியலை ஏற்பவரும் உளர், வெறுப்பவரும் உளர். அந்த வழக்கை மறுபடி விசாரிப்பது இக்கட்டுரையின் உத்தேசமன்று. ஆனால் ஆறு தோட்டாவுக்காக ஓர் உயிரை எடுத்த சட்டம், காட்டில் புதைந்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டாக்களில் ஒன்றையாவது வெளியே கொண்டுவந்ததா என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அதே ஆண்டுகளில் இன்னொரு தமிழரின் கழுத்தும் அதே சுருக்கில் மாட்டித் தப்பியது. சாம்பசிவம் என்பவர் 1948 செப்டம்பரில் ஜொகூரில் நடந்த ஒரு கைகலப்பில் காயத்தோடு பிடிபட்டவர். துப்பாக்கி தரித்தது, தோட்டா வைத்திருந்தது என இரண்டு குற்றச்சாட்டுகள். தோட்டாக் குற்றத்திலிருந்து அவர் விடுதலை பெற்றார். துப்பாக்கிக் குற்றத்துக்காக மறுவிசாரணை நடந்து மரணதண்டனை விதிக்கப்பட்டது. அந்த மறுவிசாரணையில் சர்க்கார் தரப்பு நம்பியிருந்த முக்கிய ஆதாரம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். அதிலோ துப்பாக்கியும் தோட்டாவும் சேர்ந்தே பேசப்பட்டிருந்தன. லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போயிற்று. ஒருவனைத் தோட்டா விஷயத்தில் நிரபராதியென்று ஒரு நியாயஸ்தலம் விடுவித்த பிறகு, அத்தீர்ப்பு இருதரப்பையும் கட்டுப்படுத்தும். அவனிடம் தோட்டா இருந்தது என்ற பாவனையில் பிறகொரு வழக்கை நடத்தலாகாது என்று பிரபு மெக்டெர்மட் 1950-இல் எழுதிய தீர்ப்பினால் சாம்பசிவத்தின் தண்டனை ரத்தாயிற்று. அத்தீர்ப்பின் கதை அத்தோடு முடியவில்லை. 1956-இல் இந்திய உச்சநீதிமன்றம் பஞ்சாபைச் சேர்ந்த பிரீத்தம் சிங் வழக்கில் அதையே பிரமாணமாகக் கொண்டது. அங்கும் பிரச்சினை, விடுதலையாகிவிட்ட ஒரு துப்பாக்கிக் குற்றத்தின் சாட்சியத்தை வேறு வழக்கில் எடுத்தாளலாமா என்பதுதான். மலாயாவில் எழுந்த ஒரு தமிழர் வழக்கு, காமன்வெல்த் நாடுகளின் சட்டப் புத்தகங்களில் இன்றளவும் நிலைத்திருக்கிறது; ஆனால் அவர் பேரைச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸில் பத்துப் பேரில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகந்தான்.

அவசரகாலம் முழுவதிலும் 200-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அப்படியிருந்தும், சர்க்காரை எதிர்த்து மறுபடி காட்டுக்குள் போயிருந்த கெரில்லாக்களுக்கு ஆயுதம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எங்கிருந்து? வெளிநாட்டிலிருந்து அவர்களுக்குச் சரக்கு வரவில்லை. 1945-இல் புதைத்து வைத்தவை போக, வழிமறித்துக் கொன்ற போலீஸ்காரரிடமிருந்தும், தாக்கிப் பிடித்த காவல் சாவடிகளிலிருந்தும் எடுத்தார்கள். தோட்டந்தோறும் பல்லாயிரம் விசேஷக் கான்ஸ்டபிள்களை அமர்த்தி, அவர்களுக்கும் துரைமாருக்கும் சர்க்கார் ஆயுதம் வழங்கியது. அப்போது வந்ததுதான் அமெரிக்க எம்-1 கார்பைன். அதுவரை வழக்கிலிருந்த லீ-என்பீல்டு ரைபிளில் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த குண்டு ஏறும். கார்பைனிலோ அந்தச் சிரமம் இல்லை, பதினைந்து தோட்டாக்கள் அடங்கிய கூட்டை மாட்டிவிட்டால் விரலசைவே போதும். இன்றைய விவாதத்துக்கு விஷயமான அந்தப் பாதித் தானியங்கி ரைபிள் இப்பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்குள் நுழைந்தது கள்ளக் கடத்தலால் அன்று, கஜானாப் பணத்தால். காவலுக்கென்று வந்த கார்பைன், காவற்காரர் அசந்தால் காட்டுக்குப் போயிற்று. தமிழர் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்து, வேலையிலிருந்து திரும்பும் பெண்ணின் சோற்றுத் தூக்கையும் திறந்து பார்த்த அந்தக் காலத்தில், உணவுப் பாதை அடைபட்டதும், மக்கள் ஆதரவு தேய்ந்ததும், 1957-இல் சுதந்திரம் வந்து போராட்டத்துக்கே முகாந்திரம் இல்லாமற் போனதுந்தான் துப்பாக்கிகளை மௌனமாக்கின என்பது என் அபிப்பிராயம். தூக்குமேடைக்கு அந்தப் பெருமையில் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. ஆனால் அதன் சுபாவம் சட்டப் புத்தகத்தில் தங்கிவிட்டது. அவ்வாண்டிலேயே ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறின. மாநிலத் தலைமைப் போலீஸ் அதிகாரியின் அனுமதிச்சீட்டு இல்லாமல் எவரும் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்பது முதற்சட்டம். பாதுகாப்புப் பிரதேசத்தில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரணம் என்பது இரண்டாவது. நடைமுறையில் சாமானியருக்குக் கிடைத்த அனுமதி, பன்றியையும் குரங்கையும் விரட்டத் தோட்டக்காரருக்குக் கொடுத்த வேட்டைத் துப்பாக்கியோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. பின்னர் 1971-இல் வந்தது துப்பாக்கிக் குற்றங்களுக்கான தண்டனையை உயர்த்திய சட்டம். கொள்ளை, ஆள்கடத்தல் முதலிய குற்றங்களில் துப்பாக்கி வெடித்தால், குண்டு எவர்மீதும் படாவிட்டாலும், சுட்டவனுக்கு மரணம். கூட இருந்தவன் அதைத் தடுக்க முயன்றதாக நிரூபிக்காவிட்டால் அவனுக்கும் அதே கதி. வெறுமனே வைத்திருந்தால் 14 வருஷம் வரை சிறையும் பிரம்படியும். இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் வியாபாரி என்றே அனுமானம். 1977-இல் பினாங்கில் பதினாலே வயதான ஒரு பையனுக்கு, உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரணதண்டனை விதிக்கவேண்டிய நிலை நீதிபதிக்கு ஏற்பட்டது. பின்னர் மன்னிப்பு வாரியத்தின் தயவால் அப்பையன் பிழைத்தான். சட்டம் இவ்வளவு தூரம் போனபிறகு, இதற்கு மேல் போக வழியில்லை.

இத்தனை கடுமைக்கும் நடுவில்தான் கோலாலம்பூரின் பிரசித்தி பெற்ற கொள்ளைக்காரன் போத்தாக் சின் தலையெடுத்தான். உள்ளூரில் துப்பாக்கி கிடைக்காதென்பதை அவன் நன்கறிந்திருந்தான். ஆகவே சயாம் எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கினான். 1975 நவம்பரில், தன்னைத் துரத்திய எஸ். குலசிங்கம் என்ற தமிழ்ப் போலீஸ் அதிகாரியின் காரை வழிமறித்துச் சுட்டது அவன் கூட்டம். படுகாயமுற்ற குலசிங்கம் பிழைத்தெழுந்தார். மூன்று மாதம் கழித்து, 1976 பிப்ரவரி 16-ஆம் தேதி, ஜாலான் ஈப்போ பக்கத்து மர அறுவை ஆலையொன்றில் போத்தாக் சின் சிக்கினான். 1981 ஜூன் 11-ஆம் தேதி, கணபதியைத் தூக்கிலிட்ட அதே புடு சிறையில் அவனும் தூக்கில் தொங்கினான். எண்பதுகளின் பிற்பகுதியில் தமிழர் மத்தியிலிருந்தே பெந்தோங் காளி என்பவன் கிளம்பினான். 1993 ஜூன் 29-ஆம் தேதி மேடான் டாமன்சாராவில் போலீசார் அவனைச் சுட்டு வீழ்த்தினர். இவர்கள் இருவருக்கும் சட்டம் தெரியாமல் இல்லை. பிடிபட்டால் கயிறு நிச்சயம் என்று அறிந்தவன், பிடிபடாமலிருக்கச் சுடுவான். கயிறு அவனை அடக்கவில்லை, ஒருவேளை இன்னும் துணியவைத்திருக்கும்.

இவ்வளவும் படித்தவர், அப்படியானால் தடையே வீண் என்று முடிவுகட்டக் கூடும். அது பிழை. போத்தாக் சின் எல்லை தாண்டிப் போகவேண்டியிருந்தது என்பதையே யோசித்துப் பாருங்கள். தெருமுனைக் கடையில் துப்பாக்கி விற்கும் ஊரில் அவன் அந்தப் பிரயாணம் செய்திருக்க வேண்டியதில்லை. அவன் அளவுக்குப் பணமும் தொடர்பும் இல்லாத நூறு சில்லறைத் திருடர்களும் துப்பாக்கியோடு திரிந்திருப்பார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் இழந்து நகர்ப்புறப் புறம்போக்குகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தள்ளப்பட்ட நம் இளைஞரில் ஒரு பகுதியினர் குண்டர் கும்பல்களில் சேர்ந்த சோகத்தை எல்லோரும் அறிவோம்; 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, அங்கத்தினரில் சுமார் 70 விழுக்காட்டினர் இந்தியர் என்ற செய்தி நம் சமூகத்தைத் தலைகுனிய வைத்தது. ஆனால் அந்தக் கும்பல்கள் ஒன்றோடொன்று மோதும்போது கிள்ளானிலும் பூச்சோங்கிலும் பெரும்பாலும் வெளிவரும் ஆயுதம் எது? பாராங் கத்தி. சில கொள்ளையர் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டியே மிரட்டுகிறார்கள். போலித் துப்பாக்கி காட்டுவதற்கும் 1971-ஆம் வருஷச் சட்டம் சிறையும் பிரம்படியும் விதித்திருக்கிறது. பொம்மையை நம்பித் திருடன் பிழைப்பு நடத்துகிறான் என்றால், நிஜத் துப்பாக்கி அவனுக்கு எட்டாத விலையில் இருக்கிறது என்றுதானே பொருள்? பாராங்கால் வெட்டுண்டவர் ஆஸ்பத்திரியில் தையலோடு தப்புவதுண்டு. முப்பது தோட்டாக்களின் எதிரில் கூட்டமாய் நின்றவர்க்கு அந்த வாய்ப்பு ஏது?

பிறநாட்டு அனுபவமும் இதற்கு மாறாக இல்லை. 1996 ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைக் கொன்றான். அவனிடம் அனுமதிச்சீட்டே கிடையாது, ஆயினும் பாதித் தானியங்கி ரைபிள் கிடைத்தது, ஏனெனில் சந்தையில் அது இருந்தது. ஆஸ்திரேலியா அவ்வகை ரைபிள்களைத் தடைசெய்து, ஏறக்குறைய ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்து வாங்கி உருக்கியது. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவனோ அனுமதிச்சீட்டு பெற்றவன், நியூசிலாந்தும் தடைவிதித்தது. அமெரிக்கா 1994-இல் ஒரு தடை கொண்டுவந்தது. ஆனால் ஏற்கனவே மக்கள் கையிலிருந்தவற்றைத் தொடாமல் விட்டுவிட்டு, பத்து வருஷத்தில் சட்டத்தையும் காலாவதியாக விட்டது. விற்பதை நிறுத்தினார்கள், இருந்ததை விட்டுவைத்தார்கள். அதை வைத்துக்கொண்டு தடை பலிக்குமா பலிக்காதா என்று அவர்கள் இன்னும் வாதிடுவது எனக்கு விநோதமாகவே படுகிறது.

மலேசியாவில் பிரஜையின் வாசல் அநேகமாக அடைபட்டுவிட்டது, திறந்திருப்பவை இரண்டு. சயாம் எல்லை ஒன்று. அதைப்பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை, கோலோக் ஆறு கோடையில் நடந்தே கடக்கும் ஆறு. மற்றது சர்க்காரின் சொந்த ஆயுதசாலை. 2000-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி விடியற்காலையில், அல்-மௌனா என்ற கூட்டத்தார் இராணுவ உடையணிந்து, பஜேரோ வண்டிகளில் ஏறி, திடீர்ச் சோதனைக்கு வந்த மேலதிகாரிகள் போலப் பேரா மாநிலத்துக் கிரிக் வட்டார முகாம்கள் இரண்டுக்குள் புகுந்தார்கள். எம்-16 ரைபிள்கள் மட்டும் தொண்ணூறுக்கு மேல். இயந்திரத் துப்பாக்கிகளும் எறிகுண்டுக் கருவிகளும் வேறு. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சாவகாசமாகப் போனார்கள். அந்த ஆயுதங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கையும் எட்டிப்பார்த்தன. மதுபான ஆலைகளையும் நம் பத்துமலைக் கோயிலையும் அவர்கள் குறிவைத்தது விசாரணையில் வெளிவந்தது. அவர்கள் போய்ப் பதுங்கிய சவுக் காட்டில் பிணையாகப் பிடிபட்டவர்களில் துப்பறியும் கார்ப்பரல் ஆர். சகாதேவனும் சரவாக்கைச் சேர்ந்த படைவீரர் மேத்யூ மெடானும் கொல்லப்பட்டார்கள். இருவருக்கும் நாட்டின் உயர்ந்த வீரவிருது மரணத்துக்குப்பின் வழங்கப்பட்டது. கூட்டத்தின் தலைவன் 2006-இல் சுங்கை பூலோவில் தூக்கிலிடப்பட்டான். எந்தப் பிரஜைக்கும் கிடைக்காத ஆயுதம், ஒரு வேஷத்துக்கும் ஓர் அதட்டலுக்கும் கிடைத்துவிட்டது.

2023 ஜூலை முதல், கட்டாய மரணதண்டனை இந்நாட்டில் ஒழிந்திருக்கிறது. துப்பாக்கி வழக்குகளிலும் நீதிபதி இனி சந்தர்ப்பத்தைச் சீர்தூக்கித் தண்டனை விதிக்கலாம். கயிறு தளர்ந்தால் துப்பாக்கி பெருகும் என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். துப்பாக்கியைக் குறைத்தது கயிறன்று, அனுமதிச்சீட்டுத்தான் என்று நான் கருதுவதால் அந்த அச்சம் எனக்கில்லை. எனக்குள்ள கவலையெல்லாம் வேறு ஒரு பேரேட்டைப் பற்றியது. 2013 அக்டோபரில் வெளியான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, 2010 முதல் 2012 வரை போலீஸ் படை தொலைத்த சாமான்களில் 44 துப்பாக்கிகளும் அடக்கம் என்று தெரிவித்தது. அதே ஆண்டில்தான், ஜூலை 29 அன்று, அரபு-மலேசிய வங்கியைத் தோற்றுவித்த உசேன் நஜாடி, கோலாலம்பூரின் நடுவில் லோரோங் சிலோனில் பட்டப்பகலில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். தொலைந்தவை எங்கே என்று நிருபர்கள் கேட்டதற்கு, அவற்றில் சில கடலில் விழுந்திருக்கக்கூடும் என்று அந்நாளைய போலீஸ் படைத் தலைவர் பதில் சொன்னார். பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டக்காரர் ஒருவர், தம் ஒற்றைக்குழல் வேட்டைத் துப்பாக்கியைத் தொலைத்துவிட்டு, அது கடலில் விழுந்திருக்கக்கூடும் என்று போலீஸ் நிலையத்தில் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.